றிபா கொடுத்த முறைப்பாடு

றிபாவுக்குக் காது கேட்காது, கண்ணும் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எட்டு வயதாகியும் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால், அது அவளுடைய உம்மா நுஸ்ரத் அலையாததால் அல்ல. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். "நாங்க கையால காட்டித்தான் படிப்பிக்கிற. இவக்குக் கண் தெரியாதே, கண் தெரியாத ஆக்கள்ற பள்ளிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கும் போனாள். "நாங்க வாயால சொல்லித்தான் படிப்பிக்கிற. இவக்குக் காது கேட்காதே, காது கேட்காத ஆக்கள்ற பள்ளிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். இரண்டு இடத்திலும் அன்பாகத்தான் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் தேத்தண்ணி தந்தார்கள். இரண்டாவது இடத்தில் பிஸ்கட்டும் தந்தார்கள் என்பதால் றிபாவுக்கு அந்தப் பள்ளிதான் பிடித்திருந்தது.

நுஸ்ரத் சாய்ந்தமருதில் வீட்டோடு அபாயாவும் சட்டையும் தைப்பவள். கணவன் சுபியான் கல்முனை பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுபவன். பள்ளிக்கூடம் தேடி அலைந்து களைத்துப்போய் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டிருந்த நேரத்தில்தான் சுஜித்தா சாறி ஜக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாள்.

காரைதீவைச் சேர்ந்த சுஜித்தா, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், விசேட தேவையுள்ள பிள்ளைகள் படிக்கும் விசேட கல்வி அலகின் ஆசிரியை. அளவெடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது கீழே இருந்து ஒரு சின்னக் கை வந்து அவளுடைய வளையல்களைப் பிடித்தது. ஒவ்வொன்றாக எண்ணுவது போலத் தடவியது. பிறகு மணிக்கட்டை மணந்து பார்த்தது.

"காது கேளாது, கண்ணும் தெரியாது டீச்சர், குறை நினைக்காதீங்க" என்றாள் நுஸ்ரத்.

"ரெண்டுமா?" என்று கேட்ட சுஜித்தாவின் முகத்தில் சட்டென்று ஒரு சந்தோசம் வந்தது. அடுத்த நொடியே வெட்கப்பட்டு அதை மறைக்கப் பார்த்தாள். விசயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னர், கண்ணும் காதும் சேர்ந்து இல்லாத பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்கு அவள் போயிருந்தாள். ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அப்படி ஒரு பிள்ளையை அவள் காணவேயில்லை. கொப்பி அலமாரியில் கிடந்தது.

"அக்கா, நான் சனி, ஞாயிறு வந்து இவவோட கொஞ்சம் இருக்கட்டா?"

"என்னத்துக்கு டீச்சர்?"

"கதைக்கத்தான்."

நுஸ்ரத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், ஜக்கெட்டை இரண்டு நாள் முந்தியே தைத்து வைத்தாள்.

முதல் பாடம் றிபாவுக்கு அல்ல, நுஸ்ரத்துக்கு. "அவட கையப் பிடிச்சு இழுக்காதீங்க அக்கா. நம்மட கண்ணக் கட்டிப்போட்டு ஆரும் கையப் பிடிச்சு இழுத்தா எப்பிடி இருக்கும்? உங்கட கைய அவட கைக்குக் கீழ வையுங்க. விருப்பமெண்டா கூட வருவா. இல்லாட்டி எடுப்பா."

நுஸ்ரத் வைத்துப் பார்த்தாள். றிபாவின் கை அவள் கைக்கு மேல் அப்படியே தங்கிக் கூட வந்தது. "எட்டு வருசமா நான் இழுத்துக்கிட்டுத்தானே இரிந்திரிக்கன்" என்றாள் நுஸ்ரத்.

"எட்டு வருசமா அவ பொறுத்திருக்கா. பொறுமையான பிள்ளை."

இரண்டாவது, நாள் பெட்டி. வெறும் ஐஸ்கிறீம் டப்பாக்கள் நாலை ஒரு பலகையில் வரிசையாக ஆணியடித்தார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாமான். கரண்டி இருந்தால் சாப்பாடு. துவாய்த் துண்டு இருந்தால் குளிப்பு. வளையல் இருந்தால் சுஜித்தா வருவாள். காலையில் றிபா டப்பாக்களை வரிசையாகத் தடவி அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வாள். ஒரு வேலை முடிந்ததும் அந்தச் சாமானைத் தூக்கி, பக்கத்தில் இருக்கும் கூடையில் போடவேண்டும். கூடைக்குள் போனால் அது முடிந்த காரியம்.

ஓட்டோவில் ஒரு சுற்றுப் போவது றிபாவுக்கு உயிர். அதற்கு என்ன சாமான் வைப்பது என்ற கேள்வி வந்தது. நிற்கிற ஓட்டோவில் ஏறியிருந்து அவள் பிடித்து விளையாடுவது இடப்பக்கக் கைபிடி ரப்பரைத்தான்.

"கடையில புதுசு ஒண்டு வாங்கிட்டு வாறன்" என்றான் சுபியான்.

"புதுசு சரிவராதண்ணே. அவக்குத் தெரிஞ்சது உங்கட ரப்பர்தானே."

சுபியான் ரப்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் இரும்பில் ஒரு சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஏறியவர்களெல்லாம் கேட்டார்கள். "என்ன தம்பி, வாகனம் கழண்டு கழண்டு வருதா?" சுபியான் திரும்பிப் பார்க்காமலே, "மகளுக்குப் புத்தகமாக் கழட்டிக் குடுத்திரிக்கன்" என்பான்.

மூன்றாவது மாதம் றிபா ஆட்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உம்மா என்றால் விரல் நுனியைக் குத்திக் காட்டுவாள், ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். வாப்பா என்றால் தாடையைத் தேய்ப்பாள், தாடி. சுஜித்தா என்றால் மணிக்கட்டைச் சுற்றுவாள். பக்கத்து வீட்டில் இருக்கும் சுபியானின் மூத்த சகோதரி றுகையா மாமி வந்தால், இரண்டு விரலால் நெற்றியை மாறி மாறித் தேய்ப்பாள்.

"எனக்கு என்ன பேர் வெச்சிரிக்கா?" என்று றுகையா ஆவலோடு கேட்டாள்.

சுஜித்தா கொஞ்சம் யோசித்தாள். "தைலம்."

"என்ன?"

"நீங்க தலையிடிக்குப் பூசுற தைலம் மாமி. அந்த மணத்திலதான் உங்கள அடையாளம் பிடிக்கிறா."

றுகையா எழும்பிவிட்டாள். "பெருநாளைக்குப் பெருநாள் சட்டை எடுத்துக் குடுத்தவள் நான். எனக்குப் பேர் தலையிடி." அன்றிலிருந்து ஒரு கிழமை தைலம் பூசாமல், அத்தர் பூசிக்கொண்டு வந்தாள். றிபா மணந்து பார்த்தாள், குழம்பினாள், மாமியின் முகத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு உறுதியாக நெற்றியைத் தேய்த்தாள். றுகையாவுக்கும் அந்த ஒரு கிழமையும் தலையிடி தாங்க முடியவில்லை.

றிபாவைப் பள்ளிக்கூடத்தில் தன்னுடைய அலகுக்கே எடுக்கவேண்டும், கூடவே இருந்து தொட்டுக் கதைக்க ஒரு துணையாளையும் போடவேண்டும் என்று சுஜித்தா கடிதம் எழுதினாள். எழுதியது பங்குனியில். விசேட கல்விக்குப் பொறுப்பான ஸைனுலாப்தீன் சேர் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது ஆவணியில்.

"புள்ள படிக்கக்கூடிய நிலமையில இரிக்கிறாவா எண்டு நான் கண்ணால பாக்கணும்" என்று தொலைபேசியில் சொன்னார். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்னார். சுஜித்தா அன்றைக்கு லீவு போட்டாள்.

செவ்வாய் முழுக்க வீட்டில் ஆயத்தம். நுஸ்ரத்தின் தையல் பெட்டியிலிருந்து பெரிய தெறி, சின்னத் தெறி என்று பொத்தான்கள் எல்லாவற்றையும் கொட்டி, றிபா அவற்றை இரண்டு கோப்பைகளில் பிரித்துப் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பிறகு வழக்கம்போல ஓட்டோச் சுற்று. றுகையா மாமி தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து வட்டிலாப்பம் அவித்தாள். சேர் வரும் வாகனம் நிற்க இடம் வேண்டுமென்று சுபியான் புதன் காலையில் தன்னுடைய ஓட்டோவை அடுத்த ஒழுங்கையில் கொண்டுபோய் விட்டான்.

ஒன்பதரைக்கு சேர் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. றிபாவின் நாள் யாருக்கும் காத்திருக்காது. அவள் தெறிகளைப் பிரித்துப் போட்டாள், ஒன்றுகூடத் தவறாமல். தெறிக் கோப்பைகளைத் தூக்கிக் கூடையில் போட்டாள். அடுத்த டப்பாவில் ரப்பர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

சேர் வந்திறங்கியது அந்த நேரத்தில்தான், பதினொன்றே காலுக்கு. நல்ல உயரமும் அதற்கேற்ற அகலமுமான மனிதர். அலுவலகத்து கெப் வாகனத்தை அழகரெத்தினம் என்ற சாரதி வாசலை அடைத்து நிறுத்தினார்.

"நேரமில்ல, சுருக்கா முடிப்பம்" என்று சேர் கதிரையில் அமர்ந்து படிவத்தை மடியில் விரித்தார்.

சுஜித்தா தெறிகளைக் கூடையிலிருந்து எடுத்து றிபாவின் முன்னால் மறுபடி வைத்தாள். றிபா தொட்டுப் பார்த்தாள். முடிந்துபோன காரியம் எப்படித் திரும்பி வந்தது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு ஒரு கையால் முழுவதையும் வழித்துத் தள்ளினாள். தெறிகள் வீடெல்லாம் உருண்டன. ஒன்று சேரின் சப்பாத்துக்குள் போயிற்று.

"ம்" என்றார் சேர். படிவத்தில் ஏதோ எழுதினார். பக்கத்தில் நின்ற நுஸ்ரத் தலைகீழாக வாசித்தாள். 'ஒத்துழைப்பு இல்லை.'

"சேர், அவ அதக் காலையிலயே செஞ்சு முடிச்சிட்டா" என்றாள் சுஜித்தா.

"நான் பாக்கல்லியே."

இதற்குள் றிபா ரப்பரோடு சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஓட்டோ நிற்கும் இடத்தில் கையை நீட்டினாள். கையில் பட்டது சூடான பெரிய டயர். அதைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்து உம்மாவின் கையில் ரப்பரை வைத்தாள், தாடையைத் தேய்த்தாள், வெறும் கைகளை விரித்தாள். நுஸ்ரத் சேரின் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். றிபா ரப்பரைப் பிடுங்கி சுஜித்தாவிடம் கொண்டுபோய் அதையே சொன்னாள். பிறகு றுகையா மாமியிடம். மாமி வட்டிலாப்பத்தோடு நின்றதால் றிபா ஒரு விரல் நக்கிவிட்டுத்தான் தொடர்ந்தாள்.

கடைசியில் புது ஆளிடம் வந்தாள். சேரின் சட்டைக் கையை மணந்து பார்த்தாள். பொத்தான்களைத் தடவிக்கொண்டு கீழே இறங்கி வயிற்றில் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்து அதன் சுற்றளவு முழுவதையும் பொறுமையாகப் பார்த்து முடித்தாள். பிறகு அவருடைய கையில் ரப்பரை வைத்து அழுத்தி, தாடையைத் தேய்த்து, கைகளை விரித்தாள்.

"என்ன இது?" என்றார் சேர்.

"முறைப்பாடு சேர்" என்றாள் சுஜித்தா. "இண்டைக்கு வாப்பாட ஓட்டோவில போறதெண்டு பெட்டியில இருக்கு. ஆனா ஓட்டோ நிக்கிற இடத்தில வேற ஏதோ நிக்குது. ஓட்டோ எங்க எண்டு எல்லாரிட்டயும் கேட்டா. ஒருத்தரும் மறுமொழி சொல்லல்ல. இப்ப உங்களிட்ட வந்திருக்கா."

சேர் கையிலிருந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முறைப்பாடு எண்டா எழுத்தில தரணும்" என்றார். பகிடியாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"கையில தந்திட்டா சேர்."

சுபியான் முன்னால் வந்தான். "ரெண்டு நிமிசம் சேர், ஓட்டோவக் கொண்டு வாறன்."

"நில்லுங்க" என்றார் சேர். "பழக்கின காரியத்த ஆரும் செய்வாங்க. ஓட்டோ இல்ல, இண்டைக்கு இந்த வாகனம்தான் எண்டு அவக்குச் சொல்லுங்க பாப்பம். விளங்குதா எண்டு பாப்பம்."

சுஜித்தா சேரிடமிருந்து ரப்பரை வாங்கிக்கொண்டாள். கொப்பியில் இதற்கொரு பக்கம் இருந்தது, ஆனால் கெப் வாகனம் பற்றி அதில் ஒன்றுமில்லை. றிபாவின் கைக்குக் கீழே தன் கையை வைத்தாள். தாடையைத் தேய்த்தாள், கையை விரித்தாள். வாப்பாவுடையது இல்லை. பிறகு இருவருமாக வாசலுக்கு நடந்தார்கள். ரப்பரை வாகனத்தின் கதவில் தொட்டுக் காட்டினாள். மறுபடி தொட்டாள்.

றிபா அசையாமல் நின்றாள். கதவில் கன்னத்தை வைத்தாள், மணந்து பார்த்தாள், கைபிடியைத் தேடிப் பிடித்தாள். றிபா கதவைத் திறந்து, படியில் கால் வைத்து ஏறி, முன்னாசனத்தில் அமர்ந்து, ரப்பரை மடியில் வைத்துக்கொண்டு, போகலாம் என்பதுபோல் முன்னால் இருந்த பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சேர், அது உங்கட சீற்" என்றார் அழகரெத்தினம்.

ஸைனுலாப்தீன் சேர் வாகனத்தின் முன்னாசனத்தில் மட்டுமே பயணம் செய்கிறவர். பின்னால் ஏறுவதென்றால் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏறினார். நுஸ்ரத்தும் சுஜித்தாவும் அவருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்.

கடற்கரை வீதியில் வாகனம் ஆறுதலாக உருண்டது. றிபா பலகையில் உள்ளங்கையைப் பதித்து நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் விரல் நுனிகளைச் சேர்த்து ஒன்றோடொன்று தட்டினாள். பிறகு அழகரெத்தினத்தின் கையைத் தேடிப் பிடித்து அதிலும் தட்டினாள்.

"இதென்ன பிள்ளை சொல்லுது?"

"இன்னும் எண்டு சொல்றா" என்றாள் சுஜித்தா.

"வேகமா போகச் சொல்லுது சேர்" என்றார் அழகரெத்தினம், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

"அரசாங்க வாகனம். நாப்பதுக்கு மேல போகேலா."

றிபா மறுபடி தட்டினாள். அழகரெத்தினம் கண்ணாடியில் சேரைப் பார்த்தார். சேர் கடலைப் பார்த்தார். முள் ஐம்பதைத் தாண்டியது.

வீட்டுக்குத் திரும்பியதும் றிபா இறங்க மறுத்தாள். இருக்கைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு 'இன்னும்' சொன்னாள். சேருக்குப் பன்னிரண்டரைக்கு ஒரு கூட்டம். அவரே முன்கதவைத் திறந்து அவளுடைய கையைப் பிடித்தார். றிபா உதறினாள்.

"மேல இல்ல சேர், கீழ. உங்கட கைய அவட கைக்குக் கீழ வையுங்க."

அவர் தயங்கித் தயங்கி வைத்தார். ஒரு பெரிய உள்ளங்கையின் மேல் ஒரு சின்ன உள்ளங்கை. அவர் அவசரப்படவில்லை. கூட்டம் இருந்ததுகூட அந்த நேரம் ஞாபகமில்லை என்று பிறகு சொன்னார். ரப்பரை அவளுடைய விரலில் தொட்டுக் காட்டி, வீட்டுப் பக்கமாக மெல்ல நகர்த்தினார். றிபா இறங்கினாள். அவர் கையைவிட்டுக் கையெடுக்காமல் முழு வாசலையும் கடந்து, கூடையடியில் போய் நின்று, ரப்பரை அதற்குள் போட்டாள். சுற்று முடிந்தது.

சேர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னது அவக்கு விளங்கிட்டு" என்றார். யாரிடம் என்றில்லை.

றிபா சுஜித்தாவின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் தன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு போட்டாள். பிறகு சேரைத் தொட்டாள்.

"இது என்ன?"

"உங்களுக்குப் பேர் வெச்சிருக்கா சேர்" என்றாள் சுஜித்தா. "பெரிய ஆள் எண்டு."

சேரின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து றுகையா மாமி பேசினாள். தலையிடி என்று பெயர் வாங்கியதிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு ஆறுதல் கிடைத்ததில்லை. "பெரிய ஆள் இல்ல சேர். வயிறு."

நுஸ்ரத் தன் மதினியை வாழ்நாளில் முதல்முறையாகக் கிள்ளினாள். சேர் குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுத்தே பார்த்தார்.

"தடவி அளந்திட்டுத்தானே சொல்லிரிக்கா" என்றார். பிறகு வட்டிலாப்பத்தை எடுக்கச் சொன்னார்.

படிவம் மட்டும் மசியவில்லை. பார்வைக் குறைபாடா, செவிப்புலக் குறைபாடா, ஏதாவது ஒன்றுக்கு அடையாளம் இடுக என்று இருந்தது. இரண்டுக்கும் இட்டால் கணினி ஏற்காது. சேர் 'ஒத்துழைப்பு இல்லை' என்பதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் நடந்ததையெல்லாம் கையால் எழுதினார். எழுதி முடிக்கக் கூட்டமும் முடிந்திருந்தது.

எழுதியது மேலே போய், 'இரண்டில் எது முதன்மையான குறைபாடு?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. 'இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்று. அதற்கு வேறு விதமாகப் படிப்பிக்கவேண்டும்' என்று அவர் பதில் எழுதினார். அந்த வசனம் சுஜித்தாவின் கொப்பியிலிருந்து அவர் கேட்டு வாங்கியது. கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் கேட்டதில் பாதிகூட இல்லை. கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும். துணையாளுக்கு நியமனம் கிடையாது, வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் வரலாம். பயிற்சி தந்த நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் வந்து வழி சொல்லித் தருவார்.

நுஸ்ரத்துக்குத் தையல். சுபியானுக்கு ஓட்டோ. "நான் போறன்" என்றாள் றுகையா மாமி. "எனக்குப் பேர் வெச்ச புள்ளைய நான்தான் திருத்தணும்." பேரைத் திருத்த முடியவில்லை. ஆனால் ஐம்பத்தாறு வயதில் கையால் கதைக்கப் படித்தாள், அதுவும் வாயை மூடாமலே.

பள்ளிக்கூடத்தின் மூன்றாம் கிழமை. வியாழக்கிழமை. மாமி றிபாவை நடைபாதை வழியே கூட்டிவரும்போது, தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டில் றிபாவின் தோள் உரசியது. பள்ளிக்கூட மணி அதுதான். சரியாக அந்த நேரம் ஒரு மாணவத் தலைவி பாடவேளைக்காக அடித்தாள். றிபாவின் தோளிலிருந்து கால்வரை ஏதோ ஓடியது. இரண்டு கைகளாலும் இரும்பைக் கட்டிப்பிடித்து, அது அடங்கும்வரை கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அதை அடிக்கும் இரும்புக் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தாள்.

அன்றைக்குப் பகல், மாமி ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், றிபா தனியே சுவரைத் தடவிக்கொண்டு போய் அடித்தாள். பலமாகவும் நெடுநேரமாகவும் அடித்தாள். பள்ளிக்கூடம் விடும் மணி அப்படித்தான் இருக்கும். எண்ணூறு பிள்ளைகளும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினார்கள். அதிபர் அலுவலகத்திலிருந்து வெளியே ஓடி வரும்போது இருபது நிமிடம் முந்தி விட்டுப்போன பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் காகங்களும்தான் மிஞ்சியிருந்தன. சில ஆசிரியர்களும் இல்லை.

அதிபர் றிபாவைப் பார்த்தார். அவள் இரும்பில் கன்னம் வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். மாமி ஓடிவந்து, "நான்தான் சேர் பிழை, நான்தான்" என்றாள். அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார், வெறிச்சோடிய மைதானத்தைப் பார்த்தார், பிறகு தானும் அந்த இரும்பில் கை வைத்துப் பார்த்தார். அது இன்னும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த கிழமையிலயிருந்து இவவே அடிக்கட்டும்" என்றார். "நேரத்த மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

அப்படியே நடந்தது. மாமி கடிகாரத்தைப் பார்த்துக் கையில் தட்டுவாள், றிபா அடிப்பாள். செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் நிமிடம் தவறாமல் விட்டது. மற்ற மூன்று நாளும்தான் அஞ்சு, பத்து நிமிடம் பிந்தியது.